பாட்டுக்குப் பட்டா

விடியுமுன் ஜீப்பேறி போடிமெட்டு வழியாக ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகும் எங்க பக்கத்துப் பெண்களுக்கு வரலாறு எழுதியவர் யார்? காய்க்குத் தரமுண்டு, விலையுண்டு. பறித்த கைக்குப் பேரில்லை. அதனால்தான் தெருக்குரல் அறிவை எங்களில் ஒருவராகக் கொள்கிறேன்.

அரக்கோணத்துக்காரர். பா. ரஞ்சித் முன்னின்று உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது அதில் நின்றவர். கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். சாதி பேதமற்றவர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் குரலே குழுவுக்குப் பேரானது. 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பு. 2021 மார்ச்சில் தானே எழுதி, பாடகி தீயோடு பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையே அதன் வேர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அவங்களைக் கேட்டா ஒதுக்கினாங்க?

பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதினவர் இல்லை. ரஞ்சித்தும் பலரும் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. நிலத்தைத் திருத்தினவருக்குப் பட்டா இல்லை. பாட்டுக்கும் அதே நியாயம்தானா?

மாணவத் தோழர்களே, உங்க பாட்டி எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் உழைச்சாங்கன்னு கேட்டு, பேரோடு எழுதி வையுங்க. அறிவு செய்தது அதைத்தான்.