வெல்ஷ் ராக்: இரண்டாம் மைதானத்தின் இசை

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸுக்கு ராக் இசை பிற நாடுகளுக்குப் போலவே அமெரிக்க இசைத்தட்டுகள் வழியாக வந்து சேர்ந்ததாயினும், அதை வெல்ஷ் மொழியில் பாட வேண்டும் என்னும் வேட்கை மொழிப் போராட்டத்திலிருந்தே பிறந்தது. அன்றைய நிலை நீடித்தால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வழக்கொழிந்துவிடும் என்று நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ் 1962 பிப்ரவரியில் வானொலியில் எச்சரித்ததும், அவ்வாண்டே வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியதும் இளைஞரை உலுக்கின. லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக, வேல்ஸின் 36 நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்காத ஒரு சட்டத்தின்படி, கபெல் கெலின் என்னும் வெல்ஷ் பேசும் சிற்றூர் தேவாலயமும் பள்ளியும் உட்பட 1965இல் நீருக்குள் மூழ்கியது.

அவ்வூருக்குச் சில மைல் தொலைவிலுள்ள பாலாவில் 1967இல் நடந்த ஐஸ்டெத்வோட் விழாவில் அபெரிஸ்ட்வித் மாணவர்களின் 'அ ப்ளூ' குழு மின்கிதாருடன் மேடையேறியது. ஐஸ்டெத்வோட் என்பது ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர் மாற்றி ஊர் கூடும் கவிதை, இசைப் போட்டி விழா. 1950 முதல் அங்கு வெல்ஷுக்கு மட்டுமே இடம். யாழும் சேர்ந்திசையும் கேட்டுப் பழகிய அவையினர்க்கு இலக்கியக் கூடாரத்தில் எழுந்த அவ்விரைச்சல் உவப்பாயிருந்திருக்க முடியாது. 'முடி' என்று பொருள்படும் பெயர் தாங்கிய அக்குழு, 'மைஸ் பி', அதாவது 'பி மைதானம்', என்னும் ஒரே இசைத்தட்டை வெளியிட்டு, ஓராண்டுகூட நிலைக்காமல் கலைந்தது.

இலண்டன் நிறுவனங்களை எதிர்பார்த்திராமல் டவித் இவான், ஹியூ ஜோன்ஸ் முதலியோர் 1969இல் கார்டிஃபில் தொடங்கிய 'சைன்' (ஒலி) என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீட்டுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர். அதன் பாடுபொருள், மூழ்கிய கபெல் கெலின்தான். அவ்வாண்டு கெர்நார்வன் கோட்டையில் இளவரசர் சார்லஸுக்குப் பட்டம் சூட்டப்பட்டபோது, 'கார்லோ' என்னும் பாட்டில் இவான் அவரைக் கேலி செய்தார்.

கிதாரும் கோரிக்கையுமாக இருந்த இம்மரபில் மேளமும் பேரிரைச்சலும் 1973இல் தோன்றிய எட்வர்ட் எச். டேவிஸ் குழுவோடு நிலைபெற்றன. 1980களின் 'டட்ப்ளகி' குழுவோ, மொழிப்பற்றையே பிழைப்பாக்கிக்கொண்ட வெல்ஷ் நடுத்தர வர்க்கத்தை வெல்ஷிலேயே சாடியது. ஒரு மொழி தன் மக்களைத் தானே ஏசத் தொடங்குவது அதன் நலிவின் அறிகுறியன்று. 2000இல் சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் குழுவின் முழு வெல்ஷ் தொகுப்பான 'மூங்' பிரிட்டன் விற்பனை வரிசையில் 11ஆம் இடத்தை எட்டியது. மூங் என்றால் பிடரிமயிர். முடியில் தொடங்கிய கதை அங்கு வந்து சேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஐஸ்டெத்வோட் பிற்காலத்தில் இளைஞரின் இரவு ராக் நிகழ்ச்சிகளுக்கெனத் தனித் திடல் ஒதுக்கியபோது, அதற்கு இட்ட பெயர் மைஸ் பி.