மருத்துவச் சொற்களும் மானிப்பாய் டொக்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் படித்த பிள்ளை ஒன்று போன் எடுத்தது. பெயர் வேண்டாம். உயர்தரம் வரை தமிழில் படித்து, மருத்துவ பீடத்துக்கு எடுபட்டு, முதலாம் வருடம் தொடங்கியிருந்த பிள்ளை.

"ரீச்சர், நான் விட்டிட்டு வரப்போறன்" என்றாள். பிறகு அழுகை.

"படம் விளங்குது ரீச்சர். முன்கையில இருக்கிற ரெண்டு எலும்பும் ஆரை, அரந்தி எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். அங்க ரேடியஸ், அல்னா எண்டு சொல்லேக்க, நான் தமிழுக்கு மாத்தி யோசிக்கிறதுக்குள்ள அவை அடுத்த எலும்புக்குப் போயிடினம்."

எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களை, "அதை விடுங்கோ, சோதனைக்கு வராது" என்று வருடக்கணக்காகச் சொன்னவளும் நான்தான். என் வகுப்பில் இருந்த உங்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும்.

அன்று இரவு அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடம் முதல் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பொடியளுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்களே ஊரோடு இருந்து ஊருக்கு வைத்தியம் செய்வார்கள் என்று அவர் நினைத்தார். விடுமுறையில் ஊர் போய் 1862இல் திரும்பி வந்தபின், வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே? அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. இன்றும் மருத்துவ மாணவர்கள் சுமக்கிற கிறேயின் உடற்கூற்று நூல் இங்கிலாந்தில் 1858இல் வெளிவந்தது. பதினான்கே வருடத்தில், 1872இல், அது 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் இருந்தது.

சொல்லுக்கு எங்கே போனார்கள்? முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார்கள். இல்லாவிட்டால் வடமொழி. அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார்கள். இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார்கள்.

"அந்தப் பொடியளும் உன்னைப்போல முதலாம் வருடம்தான் பிள்ளை. உனக்குச் சொல் மாறிப்போச்சு. அவைக்குச் சொல்லே இருக்கேல்லை, உண்டாக்க வேண்டியிருந்தது" என்றேன்.

பிறகு இருவரும் ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தோம். லத்தீனில் ரேடியஸ் என்றால் சில்லின் ஆரக்கால். தமிழிலும் ஆரை அதேதான். அப்பப்பாவின் மாட்டுவண்டியில் பார்த்ததுதான் கைக்குள் இருக்கிறது. காறை எலும்புக்கு அவர்கள் கிளாவிக்கிள், அதாவது சின்னத் திறப்பு என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் பெண்கள் கழுத்தை ஒட்டிப் போட்ட காறை என்ற நகையை நினைத்தார்கள். முழங்காற் சில்லு அவர்களுக்கு பற்றெல்லா, சின்னத் தட்டு. கீழ்க்காலில் உள்ள ரிபியா ஊதுகுழல். பக்கத்தில் இருக்கும் பிபுலா உடுப்பில் குத்தும் ஊசி. முதுகெலும்பின் அடிநுனியில் இருக்கும் கொக்சிக்ஸ், கிரேக்கத்தில் குயில். குயிலின் சொண்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் அதைக் குயிலலகு என்பார்கள்.

"எல்லாம் குசினியிலயும் வளவிலயும் இருக்கிற சாமான்தானே ரீச்சர்!" என்றாள். அழுகை நின்றிருந்தது.

நீளமான நோய்ப் பெயர்களுக்கு இன்னொரு வழி சொன்னேன். தமிழ்ப் பாடத்தில் பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரித்தோமே, அதே வேலைதான். 'ஐற்றிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி அகற்றுவது. 'பெரி' என்றால் சுற்றி, 'காடியா' இதயம், 'ஹெப்பற்' ஈரல், 'நெப்றோ' சிறுநீரகம். இப்போது பெரிகாடைற்றிஸைப் பிரித்துப் பாருங்கள்: இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சி. ஐம்பது துண்டுகள் தெரிந்தால் ஐந்நூறு சொற்களுக்கு மேல் அவிழும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. கிறீனின் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. 1873இல் அவர் ஊர் திரும்பினார். அதற்குள், 1870இலேயே, கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. உத்தியோகமும் மதிப்பும் அந்தப் பக்கம். அவரிடம் அறுபதுக்கு மேற்பட்டோர் வைத்தியம் படித்தும், வழி மூடிப்போனது. 1884இல் அமெரிக்காவில் இறந்தவரின் கல்லறையில், தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆகவே தமிழ் போதும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஆங்கிலச் சொல் கட்டாயம் வேண்டும், அதை முன்பே சொல்லித் தராதது என் பிழை என்றேன். ஆனால் தமிழில் படித்தது வீண் இல்லை. பொருள் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. இனி அதற்கு இரண்டாவது பெயர் வைத்தால் போதும். நாளைக்கு ஒரு ஆச்சி வந்து "பிள்ளை, காறை எலும்புக்குக் கீழ நோகுது" என்று சொல்லும்போது, இரண்டு பெயரும் தெரிந்த டொக்டர்தான் அந்த ஆச்சிக்கு வேண்டும்.

போன கிழமை மறுபடியும் எடுத்தாள். முதல் சோதனையில் பெரிய புள்ளி இல்லை, ஆனால் பாஸ். கொப்பியில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம், நடுவில் படம் என்று எழுதுகிறாளாம். விட்டுவிட்டு வரும் கதை இப்போது இல்லை.

இதை வாசிக்கும் என் பிள்ளைகளில் இப்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். டொக்டராக, தாதியாக இருக்கிறவர்கள், முதலாம் வருடத்தில் உங்களைப் பயமுறுத்திய சொல் எது, அதை எப்படிப் பிடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவளும் வாசிப்பாள்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்