கைபேசியும் பிள்ளைகளின் தூக்கமும்

இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையிடமிருந்து கைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நான் பேசிய தாய்மார் பலருக்கு அது சரிவரவில்லை. ரொறன்ரோவில் வேலை செய்யும் மாமாவின் மதிய இடைவேளை, கோடைகாலத்தில் இங்கே இரவு ஒன்பதரை. அவர் அழைப்பது வீட்டிலுள்ள ஒரேயொரு நல்ல கைபேசிக்கு. கதைத்து முடிந்ததும் அது பிள்ளையின் பாய்க்குப் போய்விடும்.

13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலற்றோனின் என்ற ஓமோன் இயல்பாகவே பிந்திச் சுரக்கிறது. திரையின் வெளிச்சம் அதை மேலும் பிந்தச் செய்யலாம். பாடசாலை காலை 7.30இற்கு. நள்ளிரவில் படுத்து ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணித்தியாலம். மறதி, எரிச்சல், வகுப்பில் தூங்கி விழுதல், நாட்பட்டால் மனச்சோர்வு. இவற்றைப் படிப்பில் அக்கறையில்லை என்று நாங்கள் ஏசிவிடுகிறோம்.

எங்கள் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மே மாதம் வந்தால் இறுதி யுத்தக் காட்சிகள் ரிக்ரொக்கிலும் யூரியூப்பிலும் நிறையும். ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வரும். 2009இற்குப் பின் பிறந்த பிள்ளை, தாய் தகப்பன் வாய்திறந்து சொல்லாததை நள்ளிரவில் தனியே பார்க்கிறது. அது எங்கள் வரலாறு, மறைக்கச் சொல்லமாட்டேன். பகலில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பார்க்கட்டும்.

கண்ணுக்கு வெளியில் விளையாடுவதே நல்லது. தினமும் இரண்டு மணித்தியாலம் வெளிவெளிச்சத்தில் நிற்பது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. நீல ஒளிக் கண்ணாடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. மணிக்கணக்கை மட்டும் வைத்து அதை முடிவுசெய்வதில்லை. படிப்பு, சாப்பாடு, உறவு எல்லாம் குலைந்தும் நிறுத்தமுடியாத நிலை வழமையாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

மாமாவின் அழைப்பு வரட்டும். முடிந்ததும் கைபேசியைக் குசினியில் சார்ஜில் போடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. பிள்ளை தொடர்ந்து தூங்காமல் இருந்தாலோ, சாகவேண்டும்போல இருக்கிறது என்று சொன்னாலோ, தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்த நேரமும் அழைக்கலாம்.