தெற்கத்தி ஊர்ப்பெயர் தாங்கிய அம்மவீடுகள்

திருவனந்தபுரத்தின் பழைய மாளிகைகளில் அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் நான்கு அம்மவீடுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. திருவிதாங்கூர் அரசரின் மனைவியரான அம்மச்சிமாரின் இல்லங்கள் அவை. நான்கு பெயரும் தெற்குத் திருவிதாங்கூரில் இருந்த ஊர்களுடையவை. 1956 நவம்பர் 1 முதல் அந்த ஊர்கள் தமிழ்நாட்டுப் பக்கம், வீடுகள் கேரளத்தில். தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் (1758–1798) அந்த ஊர்களில் பெண் கொண்டார் என்றும், பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தலைநகர் மாறியபோது அந்தப் பெண்களுக்கென வீடுகள் எழும்பின என்றும் சொல்வது மரபு. இதை ஓர் அரசரின் தாராள மனசு என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் கவனமான அரசியல் தெரிகிறது.

அதன் வேர் 1729இல் இருக்கிறது. அந்த ஆண்டு அரசர் ராமவர்மா இறந்ததும் அவருடைய பிள்ளைகளான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அவருடைய சகோதரி மகனான மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராக அரியணைக்கு உரிமை கோரினார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்னும் நாயர் பிரபுக்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். துரத்தப்பட்ட மார்த்தாண்ட வர்மா ஒளிந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு என்னும் பலாமரம் நெய்யாற்றங்கரைக் கோயிலில் இன்றும் காட்டப்படுகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அந்தப் பயம் உண்மை. அரசரின் மகனுக்கு ஊரும் ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு பார்த்துவிட்டது. பின்னாளில் அரசர் மணக்கும் பெண்ணை முதலில் இந்த நான்கில் ஒரு வீட்டுக்குத் தத்தெடுப்பது வழக்கமாயிற்று. அவளுக்கு வீடும் நிலமும் கிடைத்தன. மகனுக்குத் தம்பி, மகளுக்குத் தங்கச்சி என்ற பட்டம் கிடைத்தது. அவர்கள் வாழ்ந்ததோ கோட்டையின் கண்ணெதிரே. பெண்ணின் பிறந்த வீட்டாருக்கு அரண்மனைச் சம்பந்தத்தால் வந்திருக்கக்கூடிய செல்வாக்கும் இந்த வீடுகளோடு நின்றுபோனது.

சகோதரி மகனை வாரிசாக்கும் மருமக்கத்தாயம்தான் மகனை ஏற்கெனவே விலக்கிவிட்டதே, இதற்கு மேல் ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். 1729இலும் அதே மருமக்கத்தாயம்தான் இருந்தது; அது வாளைத் தடுக்கவில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: எட்டுவீட்டார் ஒழிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த வீடுகள் இவை, தலைநகர் மாறினால் குடும்பத்துக்கு வீடு வேண்டாமா? வேண்டும்தான். வீடு கட்டியதற்கு அந்தக் காரணமே போதும். தத்தெடுப்புக்குப் போதாது. 1829இல் ஆட்சிக்கு வந்த சுவாதித் திருநாளின் மனைவி நாராயணிப் பிள்ளையும் திருவட்டாறு அம்மவீட்டுப் பெயரோடுதான் அறியப்படுகிறார். குடிமாற்றம் முடிந்து ஒரு தலைமுறை கடந்த பிறகும் வழக்கம் நீடித்தது என்றால், அதன் வேலை குடியிருப்பு மட்டுமாக இருக்க முடியாது.

தெற்குத் திருவிதாங்கூரின் வசதியான வீடுகளுக்கு ஓர் அமைப்பு இருந்தது. பூமுகம், நடுமுற்றத்தைச் சுற்றிய நாலுகெட்டு, நெல் சேர்க்கும் அறை, செதுக்கிய தேக்கும் அயனியும். வெளியே குளம், சர்ப்பக்காவு, பிலாவும் மாவும் தெங்கும் நிற்கும் விளை. இவற்றின் அரச வடிவத்தைப் பத்மநாபபுரத்தில் பார்க்கலாம். நகரத்தில் அம்மவீடுகளின் பெரிய வளவு சிதறாமல் நின்றதற்குக் காரணம், தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்தைப் பங்கு வைக்க முடியாதிருந்ததுதான். 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழிவிட்டது. மகனுக்குத் தந்தை சொத்தில் உரிமையும் உறுதியாயிற்று. அரியணை மட்டும் பழைய வழியிலேயே போனது. 1924இல் மறைந்த மூலம் திருநாளின் மனைவியரில் ஒருவர் வடசேரி அம்மவீட்டைச் சேர்ந்தவர். மூலம் திருநாளுக்குப் பின் அரசரான சித்திரைத் திருநாள் மணம் செய்துகொள்ளவே இல்லை.