நோம்பிக்குப் பாடின தட்டுகள்

பழைய இசைத்தட்டு தேடறவங்க மெட்ராஸ் மூர் மார்க்கெட்டைப் பத்திப் பேசாம இருக்க மாட்டாங்க. அது 1985-ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. நமக்கு மேட்டுப்பாளையத்துல அந்த மாதிரியெல்லாம் கெடையாதுங்க. பழைய இரும்புக் கடை, பேப்பர் கடை, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமையானா நான் அங்கதான் :-)

இந்தக் கடைகளுக்குத் தட்டு எங்கிருந்து வருது? வீடுகள்ல இருந்து வர்றது கம்மி. கிராமபோன் பெட்டி வாங்கற வசதி ரொம்பச் சில குடும்பங்களுக்குத்தான் இருந்துச்சு. மத்தவங்க பாட்டுக் கேட்டது மாரியம்மன் நோம்பியிலயும் கல்யாண வீட்டுலயும், குழாய் ஸ்பீக்கர் வழியாத்தான். தட்டு வாங்கி, பெட்டி பெட்டியா சேர்த்து வெச்சவர் மைக்செட்காரர். எனக்குக் கிடைச்ச தட்டுகள்ல பாதிக்கு மேல லேபிள்ல ஏதாவது ஒரு சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். 1980கள்ல கேசட் பரவினதும் அந்தப் பெட்டிங்க பரணுக்குப் போச்சு. இப்போ வீடு இடிக்கறப்ப எடைக்கு வருது.

கடைக்கார அண்ணன் ஒருநாள் கேட்டார்: "ஏனுங் தம்பி, பித்தளைன்னா ஒரு வெல இருக்குது. இந்தக் கருப்புத் தட்டுக்கு என்னத்தைங் வெல சொல்றது?"

நியாயமான கேள்விதான். எல்.பி. தட்டு வினைல், கொஞ்சம் வளையும். பழைய 78 அப்படியில்ல. அரக்கும் கல்பொடியும் கலந்தது, ஒரு பக்கம் மூணு நிமிஷச் சொச்சம் ஓடும். கீழ விழுந்தா ஓட்டாஞ்சில்லுதான். இந்தியாவுல தட்டு அச்சடிக்கற தொழிற்சாலை 1908-ல கல்கத்தா சியால்தாவுல ஆரம்பிச்சது, பிறகு டம்டம்முக்குப் போச்சு. மேல்நாடுகள்ல 1960 வாக்குல 78 நின்னு போச்சு. இங்க கரண்ட் இல்லாத ஊர்ல சாவி கொடுத்து ஓட்டற பெட்டிகள் இருந்ததால அந்தப் பத்தாண்டு முழுக்கவே வந்துட்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகூட இங்க 78-ல வந்திருக்கு!

சரி, நம்ம கோயமுத்தூருக்கு வருவோம். இந்தத் தட்டுகள்ல சிலது நம்மூர்லயே உருவான பாட்டு. 1930கள்ல தொடங்கின சென்ட்ரல் ஸ்டுடியோவுல ஜூபிடர் பிக்சர்ஸ் படமெடுத்தாங்க. எம்.ஜி.ஆர். கதாநாயகனா வந்த ராஜகுமாரி (1947), டி.எம்.சௌந்தரராஜன் முதல்ல பாடின கிருஷ்ண விஜயம் (1950) எல்லாம் அங்க எடுத்ததுதான். இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அவர்கிட்ட எடுபிடியா இருந்த பையன்தான் பின்னாடி எம்.எஸ்.விஸ்வநாதன். ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜா ஸ்டுடியோவுல இருந்து 1954-ல மலைக்கள்ளன் வந்துச்சு.

ஸ்டுடியோக்கள் போயிருச்சு. 1930, 40கள்ல வந்த தமிழ்ப் படங்கள்ல பலதுக்குப் படச்சுருளே இல்ல. அப்பல்லாம் படத்துக்கு ஒருதடவை, தட்டுக்கு ஒருதடவைன்னு தனியாப் பாடினதும் உண்டு. அதனால படம் அழிஞ்ச இடத்துல ஒரு பாடகரோட குரலுக்கு அந்த ஒத்தைத் தட்டுதான் சாட்சி. அது இரும்புக் கடையில உடைஞ்சா, குரலும் போச்சு.

உங்க ஊர்ல பழைய மைக்செட்காரர் யாராச்சும் இருந்தா, வீடு இடிக்கறதுக்கு முன்னாடி பரணை ஒருக்கா பார்க்கச் சொல்லுங்க. 78 இருந்தா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்காம, நட்டமா நிக்க வைங்க. லேபிள்ல தண்ணி படாம துடைங்க. அது போதும்.