22 கன்றுகளின் கதை

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் கொட்டை நன்றாகத் தெரியும். சிமெந்துத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்துப் பையன் கையில் வைத்து, அவன் "ஐயோ!" என்று அலறுவதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? ஆனால் அந்தக் கொட்டைக்கு ஆயுள் குறைவு. சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடும்.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 கொட்டைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் கொண்டு சேர்த்தார். முளைத்தவை நூற்றுக்கு நான்கு கூட இல்லை! கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. சிங்கப்பூருக்கு வந்த 50 கன்றுகளோ, கப்பல் கட்டணக் குழப்பத்தில் பெட்டியோடு கிடந்து வாடி மடிந்தன.

மறு ஆண்டு, 1877-இல், வந்து சேர்ந்தவை 22. அவற்றில் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில், ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. மற்றவை சிங்கப்பூரிலேயே வளர்ந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இம்மரங்கள் வருவோர் போவோருக்குக் காட்டும் வேற்றுநாட்டு மரங்களாகவே நின்றன. காப்பி பயிரிட்ட துரைமார்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்தார் ஹென்றி ரிட்லி. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ரிட்லியோ பட்டையை மட்டும் மெல்லச் சீவினார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்த்தோல் ஒன்று உண்டு. அது காயம்படாவிட்டால் பட்டை மறுபடி வளரும். "மரத்துல காயம் போடாதே!" என்று மண்டோர் ஏசுவது இதற்காகத்தான்.

வாடிய கன்றுக்கு உயிர் இருக்கிறதா என்று காட்டுவதும் இதே தோல்தான். பள்ளி வாசலில் கொன்றைக் கன்று நடுகிறோம். இரண்டு மாதத்தில் இலை கொட்டினால், "செத்துப் போச்சு, பிடுங்கிப் போடு" என்கிறோம். இலை கொட்டினால் சாவா? ரப்பர் மரம் ஆண்டுதோறும் கொட்டுகிறதே! நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தால், பச்சை தெரியும் இடம்வரை நறுக்கிவிடலாம். பிறகு மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். நம்ம ஊர் மழையில் களிமண் சேறாகி நாறினால், வேர் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அதற்கு இன்னும் தண்ணீர் ஊற்றுவது கொலை. வடிகால் வெட்டுங்கள். சுற்றியுள்ள புல்லை எடுத்து, தண்டில் படாமல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். உடனே உரம் வேண்டாம். காய்ச்சல்காரனுக்கு யாராவது பிரியாணி கொடுப்பார்களா?

ரிட்லி தோட்டக்காரர்களிடம் விதையைத் திணித்து, "போடுங்கள், போடுங்கள்" என்று அலைந்தார். "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். 1890-களின் நடுவில் காஜாங்கில் கின்டர்ஸ்லி சகோதரர்களும், 1896-இல் மலாக்காவில் டான் சே யான் அவர்களும் துணிந்து நட்டார்கள். பிரேசில் காப்பி மலிந்து விலை விழுந்ததும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். காடுகள் அழிந்தன, லயங்கள் எழுந்தன. பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நம் தாத்தா பாட்டிமார் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் சீவிய மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த 22 கன்றுகளின் வம்சம்.