ஸ்க்ரோல் சா பிளேடு

ஸ்க்ரோல் சா என்னும் மேசை ரம்பத்தில் மேலும் கீழுமாக ஓடி, பலகையில் வளைவு நெளிவான உருவங்களை அறுத்தெடுக்கும் மெல்லிய எஃகுப் பட்டையே ஸ்க்ரோல் சா பிளேடு. இதன் நீளம் ஏறத்தாழ 5 அங்குலம் (127 மி.மீ.). அகலம் வகைக்கேற்ப அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரை இருக்கும். பெயர்ப்பலகை எழுத்து, பூஜை மாடத்துக்கான சல்லடை வேலைப்பாடு, மரப் புதிர்கள், பொம்மைகள் என நுணுக்கமான மரவேலைகளுக்கு இது பயன்படுகிறது. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760-களில் பலகையில் ஒட்டிய நிலப்படங்களை நாட்டெல்லை வழியே துண்டாக்கி விற்றதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிய கைரம்பத்தால்தான். மெஷின் எவ்வளவு விலையுள்ளதானாலும் அறுப்பின் தரம் பிளேடைப் பொறுத்தே அமைகிறது. மழுங்கிய பிளேடைத் தீட்டிப் பயன்படுத்த வழியில்லை. கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்ட வேண்டும்.

முனை வகைகள்

பிளேடு வாங்குமுன் மெஷினின் கவ்வியைப் பார்த்துவிட வேண்டும். சில மெஷின்கள் இரு முனைகளிலும் குறுக்கே சிறு பின் பொருத்திய பிளேடுகளை மட்டுமே ஏற்கும். மற்றவை முனை தட்டையான, பின் இல்லாத பிளேடைத் திருகால் இறுக்கிப் பிடிக்கும். பின் உள்ளதை மாட்டுவது எளிது. ஆனால் பலகையின் நடுவே உள்வெட்டு போட வேண்டுமானால் அந்தப் பின் நுழையும் அளவுக்குப் பெரிய துளை இட வேண்டும். நுண்ணிய உருவங்களில் அதற்கு இடம் இருக்காது. மேலும் இவ்வகையில் பெரும்பாலும் அகலமான பிளேடுகளே கிடைக்கின்றன. பின் இல்லாத மெல்லிய பிளேடு ஒரு மில்லிமீட்டர் துளைக்குள்ளும் நுழையும். நுணுக்க வேலை செய்ய எண்ணுபவர் பின் இல்லாத பிளேடை ஏற்கும் மெஷினையே வாங்குவது நல்லது.

எண்கள்

பின் இல்லாத பிளேடுகளுக்கு 2/0, 1, 2, 3, 5, 7, 9, 12 என எண்கள் உண்டு. எண் கூடக்கூட பிளேடு அகலமாகும், பற்கள் பெரிதாகும். 2/0 போன்ற குறிகள் மட்டும் இதற்கு மாறானவை: கோட்டுக்கு முன்னுள்ள எண் பெரிதானால் பிளேடு மெல்லியது. 5-ஆம் எண் பிளேடு ஏறத்தாழ 1 மி.மீ. அகலமும் 0.4 மி.மீ. தடிமனும் கொண்டது, அங்குலத்துக்கு 12 பற்களை ஒட்டி இருக்கும். 2-ஆம் எண்ணில் அகலம் 0.7 மி.மீ. அளவே, பற்கள் 20 வரை. ஒரே எண் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு சற்று மாறும் என்பதால், அட்டையில் உள்ள அகலம், தடிமன், பல் எண்ணிக்கை மூன்றையும் படித்துப் பார்க்க வேண்டும்.

6 மி.மீ. வரையுள்ள ப்ளைவுட்டுக்கு 1 முதல் 3 வரை, முக்கால் அங்குலப் பலகைக்கு 5 அல்லது 7, அதற்கு மேல் 9 அல்லது 12 என்பது பொதுக் கணக்கு. மரத்தின் இயல்பையும் இதில் சேர்க்க வேண்டும். தேக்கில் உள்ள சிலிக்காவும் ப்ளைவுட்டின் பசையும் பற்களைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். ஈட்டி போன்ற கெட்டியான மரம் சூடேறிக் கருகும் என்பதால் ஓர் எண் பெரிய பிளேடு போடுவது தகும். பலகையின் மேல் பார்சல் டேப் ஒட்டி அறுத்தால் கருகல் வெகுவாகக் குறையும்.

பல் அமைப்பு

மரத்துக்குப் பெரிதும் பயன்படுவது ஒன்றுவிட்டு ஒன்று பல் நீக்கிய ஸ்கிப் டூத் வகை. இடைவெளி வழியே மரத்தூள் வெளியேறுவதால் சூடு குறைவு. இரண்டு பல், பிறகு ஓர் இடைவெளி என அமைந்த வகை மெதுவாக, ஆனால் வழவழப்பாக அறுக்கும். பிளேடைப் பூட்டும்போது பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பற்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளேடானால் விரலைப் பல் பக்கமாக மெல்ல மேலே நகர்த்திப் பார்க்கலாம். சரியாகப் பூட்டியிருந்தால் பல் விரலில் தட்டும்.

கீழ்நோக்கிய பற்கள் பலகையின் அடிப்பக்கத்தைப் பிய்த்துப் பிசிறாக்கும். இதற்கு மாற்றாக வந்ததே ரிவர்ஸ் டூத் பிளேடு. இதன் கீழ்முனையில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும். பிளேடு உச்சிக்கு ஏறும்போது அவற்றில் இரண்டு மூன்று பற்கள் மேசைக்கு மேல் தெரியும்படி பூட்டினால்தான் பலன் உண்டு. ப்ளைவுட் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கிரவுன் டூத் வகையில் பற்கள் இரு திசையிலும் அறுக்கும். தலைகீழாகத் திருப்பியும் பூட்டலாம். முறுக்கிய ஸ்பைரல் பிளேடு எல்லாப் பக்கமும் அறுப்பதால் பலகையைச் சுழற்ற வேண்டியதில்லை. ஆனால் வெட்டு அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும்.

சாதாரணப் பிளேடுகளில் உற்பத்தியின்போது ஒரு பக்கம் பிசிறு தங்கிவிடுகிறது. அதனால் கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுக்கும். பலகையைச் சில டிகிரி திருப்பித் தள்ளப் பழகினால் இது சரியாகிவிடும், பிளேடைக் குறை சொல்ல வேண்டாம். சாணை பிடித்த பற்கள் கொண்ட பிளேடு நேராக ஓடும், நெடுநேரம் தாங்கும், விலை அதிகம். வேகமாக அறுப்பதால் புதியவர் கைக்கு அடங்காது.

வாங்குதல்

பிளேடுகள் பொதுவாக டஜன் கணக்கிலும், 144 கொண்ட குரோஸ் கணக்கிலும் விற்பனையாகின்றன. அமெரிக்காவின் ஓல்சன், சுவிட்சர்லாந்தின் பேகாஸ், ஜெர்மனியின் நிக்வா ஆகியவை பெயர்பெற்றவை. கைரம்பமான ஃபிரெட் சாவுக்கான 5 அங்குல பிளேடும் பின் இல்லாத கவ்வியில் பொருந்தும். பித்தளை, செம்புத் தகடு அறுக்க, நகைத் தொழில் கருவிக் கடைகளில் கிடைக்கும் பிளேடுகளே ஏற்றவை. மரத்துக்கு அவை சூடேறி அடைத்துக்கொள்ளும்.

கெட்டியான மரத்தில் ஒரு பிளேடு அரைமணி நேரம் தாக்குப்பிடித்தால் போதுமானது. பிளேடின் நடுவில் ஒரு சிறு பகுதிதான் தேய்கிறது என்பதால், மெல்லிய பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத பலகையைக் கொடுத்து உயர்த்தினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். பலகையை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் பிளேடு தீர்ந்துவிட்டது என்று பொருள்; அதை வைத்துக்கொண்டு மேலும் தள்ளினால் வெட்டும் கோணலாகும், பிளேடும் ஒடியும். விலை மலிந்த கலப்புப் பொட்டலங்களை முதலில் வாங்க வேண்டாம். ரிவர்ஸ் ஸ்கிப் வகையில் 3, 5, 7 ஆகிய எண்களில் ஒவ்வொரு டஜன் வாங்கினால் வீட்டுப் பட்டறையின் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.